ஆணையரின் மடிக்கு ஒரு விண்ணப்பம்

வணக்கத்துக்கு முன்னால் ஒரு மன்னிப்பு. இந்த உரையை நேற்று ஊர் அடங்கிய பிறகு, அர்த்த ராத்திரியில் உட்கார்ந்து எழுதினேன். அவ்வளவு நேரங்கழித்து எழுதியதற்கு இந்த அவை என்னைப் பொறுத்தருள வேண்டும். பகலில் எழுதத்தான் ஆசை. ஆனால் பகலில் என் மகள் விழித்திருக்கிறாள். அவள் விழித்திருக்கும்போது எங்கள் வீட்டில் பேனா பிடிக்கும் உரிமை அவளுக்கு மட்டுமே உண்டு. அவள் தூங்கிய பிறகு எழுதி முடித்தேன். விடிந்ததும் அவள் எழுந்து, தாள்களைப் பார்வையிட்டு, முதல் பக்கத்தின் மேல் சிவப்புக் கிரேயானால் ஒரு பெரிய பூசணிக்காய் வரைந்துவிட்டாள். பெரியோர்களின் பெயர்கள் எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருந்தன. யாருடைய பெயராவது விடுபட்டால் அது என் மறதி அல்ல, பூசணிக்காய்.

இப்போது வணக்கம்.

திராட்சைப் பந்தலுக்கு அடியில் நாளெல்லாம் குனிந்து நடந்தாலும், பந்தலுக்கு வெளியே யாருக்கும் குனிந்தறியாத விழாத் தலைவர் சங்கரலிங்கம் ஐயா அவர்களே. மேடையில் மெத்தை நாற்காலிகளை அலங்கரிக்கும் சான்றோர்களே. மேடைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளை அலங்கரிக்கும் ஆன்றோர்களே. நாற்காலி கிடைக்காமல் டிராக்டர் மேல் ஏறி எங்கள் அனைவரையும்விட உயர்ந்து விளங்கும் இளைஞர்களே. மேகமலையில் கொழுந்து பறித்துவிட்டு, ஜீப்பை விட்டு இறங்கிய காலோடு தூக்குவாளியும் கையுமாக வந்து நிற்கும் தாய்மார்களே. கல்லூரியில் எனக்குப் பேசக் கற்றுக்கொடுத்து, இன்றைக்கும் முன்வரிசையில் இருந்து "மைக்கைக் கடிக்காதே" என்று சைகை காட்டும் செலின் டீச்சர் அவர்களே.

எல்லாருக்கும் நிறைவாக, ஒரு கோடி மக்கள் உறங்குகையில் தாம் உறங்காதவர், ஒரு கோடி மக்கள் நடுங்குகையில் தாம் நடுங்காதவர், பெருநகரக் காவல் ஆணையர், இந்த மண்ணின் மைந்தர், எங்கள் வீட்டின் ஒரே ஆண் வாரிசு, என் உடன்பிறந்த அண்ணன் தங்கப்பாண்டியன் அவர்களே. உங்கள் அனைவருக்கும் யுவராணியின் பணிவான வணக்கம்.

எந்த நகரம் என்று கேட்கிறீர்களா? சொல்லக் கூடாது என்று அண்ணன் கேட்டுக்கொண்டிருக்கிறார். சொன்னால், அந்த ஊருக்குப் பிழைக்கப் போயிருக்கிற நம் பிள்ளைகள் எல்லாரும் நாளை முதல் தலைக்கவசத்தைக் கழற்றிவிடுவார்கள். மடக்கினால், "நாங்க கமிஷனர் ஊரு" என்பார்கள். ஆகவே அது ஒரு பெருநகரம். அவ்வளவுதான்.

தலைவர் ஐயா எனக்கு ஒரு கட்டளை இட்டிருக்கிறார். "ஆத்தா, அண்ணனோட சர்வீஸப் பத்தி மட்டும் பேசு. வீட்டு விசயத்த இழுக்காத" என்றார். ஐயா, அப்படியே ஆகட்டும். அண்ணனின் பணி வரலாற்றைத் தவிர வேறெதையும் இந்த மேடையில் பேச மாட்டேன்.

ஆனால் ஒன்று. அரசாங்கம் ஒரு காவல் அதிகாரியின் பணிக்காலத்தை எதைக் கொண்டு அளக்கிறது? தோளில் ஏறுகிற நட்சத்திரங்களைக் கொண்டு அளக்கிறது. பத்திரிகைகள் எதைக் கொண்டு அளக்கின்றன? பிடித்த திருடர்களைக் கொண்டு அளக்கின்றன. நாங்கள் எதைக் கொண்டு அளக்கிறோம் தெரியுமா? காதுகளைக் கொண்டு அளக்கிறோம்.

சிரிக்காதீர்கள். அண்ணன் சிரிக்கவில்லை, பாருங்கள்.

எங்கள் வீட்டில் மூன்று பெண்களுக்கு நடுவே ஒரே ஆண்பிள்ளை. எங்கள் பிள்ளைகளுக்குக் காது குத்த வேண்டுமென்றால், குலதெய்வம் கோயிலில், தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். இருப்பது ஒரே தாய்மாமன். அந்தத் தாய்மாமனுக்கு இருப்பது ஒரே மடி. ஆகவே அவர் உயர உயர, எங்கள் காதுகளும் கூடவே வரிசையில் வந்து நின்றன.

முதல் காது, எங்கள் மூத்த அக்கா ஜோதிலட்சுமியின் மகனுடையது. அதோ, ஆணையருக்குப் பக்கத்து நாற்காலியில், ஆணையரைவிட நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் அக்கா. அப்போது அண்ணன் காவல்துறையில் சேரவில்லை. திராட்சைப் பந்தலுக்குக் கீழே சாக்கு விரித்துப் படுத்துக்கொண்டு படித்து, பெரிய பரீட்சையை எழுதிவிட்டு, முடிவுக்காகக் காத்திருந்த காலம். நான் பள்ளிக்கூடப் பாவாடையோடு பக்கத்தில் நின்று பார்த்தேன்.

மடியில் மருமகன். மருமகன் கையில் வாழைப்பழம். ஆசாரி ஊசியை எடுத்தார். சாமியைக் கும்பிட்டார். காதருகே கொண்டுபோனார். "ஆ" என்று ஒரு சத்தம். கூட்டமே குழந்தையைப் பார்த்தது. குழந்தை பழம் தின்றுகொண்டிருந்தது. சத்தம் வந்தது குழந்தையிடமிருந்து அல்ல, மடியிடமிருந்து.

அண்ணனின் கண்கள் மேலே செருகின. உடம்பு உதறியது. தலை ஆடியது. நம் ஊரில், குலதெய்வம் கோயிலில், ஒருவருக்குத் தலை ஆடினால் என்ன நினைப்பார்கள்? மயக்கம் என்றா நினைப்பார்கள்?

"சாமி வந்திருச்சு. உறுமிய அடிங்கப்பா."

அடித்தார்கள். விபூதியை அள்ளி அப்பினார்கள். வேப்பிலையைக் கையில் திணித்தார்கள். அந்த வருடம் மழை பொய்த்த வருடம். வயலெல்லாம் வாய் பிளந்து கிடந்தது. விவசாயிகள் வரிசையாக வந்து காலில் விழுந்தார்கள். "சாமி, எங்களுக்கு ஒரு வாக்குச் சொல்லு."

சாமி ஈனக்குரலில் சொன்னது: "தண்ணி... தண்ணி..."

"எப்ப சாமி வரும்?"

"இப்ப... இப்பவே... சீக்கிரம்..."

குலவைச் சத்தம் குச்சனூர் வரைக்கும் கேட்டது. அக்கா மட்டும்தான் கத்தினார். "சாமியுமில்ல, பூதமுமில்ல. என் தம்பி பயந்து கெடக்கான். யாராவது ஒரு சோடாவ ஒடைங்கய்யா." யார் கேட்டார்கள்? மறுநாள் காலையில், அணையில் இருந்து லோயர் கேம்ப்புக்குத் தண்ணீர் திறந்துவிட்ட செய்தி வந்தது. போயிற்று. அதற்குப் பிறகு பல வருடம், அண்ணன் விடுமுறைக்கு வந்தால் போதும், எலுமிச்சம்பழத்தோடு வாசலில் ஆள் நிற்கும். தலைவர் ஐயா, நீங்கள் ஏன் தலையைக் குனிகிறீர்கள்? நீங்களும் அன்றைக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டீர்கள், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இரண்டாவது காது, அக்காவின் மகளுடையது. இப்போது அண்ணன் ஏ.எஸ்.பி. எங்கோ ஒரு சந்தையில் கல்வீச்சு, கலவரம். கூட்டத்துக்கு நடுவே தனியாக நடந்து போய், எறிந்த கல்லை நெற்றியில் வாங்கிக்கொண்டு, எறிந்தவன் தோளிலேயே கை போட்டு அழைத்து வந்தவர் எங்கள் அண்ணன். நெற்றியில் தையல் போட்டார்கள். தையலோடு, சீருடையோடு, நேரே காதுகுத்துக்கு வந்து இறங்கினார். ஊரே எழுந்து நின்றது. வீரம் வந்தது, விறைப்பு வந்தது, வெற்றி வந்தது. கூடவே வியர்வையும் வந்தது. ஏனென்றால் ஆசாரியும் வந்துவிட்டார்.

இந்தத் தடவை அண்ணன் மயங்கவில்லை. திடமாக உட்கார்ந்தார். ஆசாரி ஊசியோடு நெருங்கினார். நெருங்கியவர் நின்றுவிட்டார்.

"சார், கையை எடுங்க."

அண்ணன் எடுக்கவில்லை.

"சார், பாப்பா காத விடுங்க. ரெண்டு காதையும் நீங்க பொத்திக்கிட்டா நான் எங்கன குத்துறது?"

சிரிப்பு அடங்கவில்லை. அக்கா போய், ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார். எடுத்துக்கொண்டே கேட்டார். "ஏலே, நெத்தியில ஊசி போட்டுத் தச்சாகளே, அப்ப பயமா இல்லையா?"

அண்ணன் சொன்ன பதில், எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற பதில். "அது என் நெத்தி அக்கா."

இந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

மூன்றாவது காது, நடு அக்காவின் மகளுடையது. அண்ணன் இப்போது எஸ்.பி. ஒரு மாவட்டமே அவர் கண்ணசைவில் நிற்கிறது. காதுகுத்துக்குக் கன்மேன், வாக்கி டாக்கி, இரண்டு ஜீப் சகிதம் வந்தார். மடியில் பிள்ளை. இடது காது குத்தியாயிற்று. அண்ணன் கண்ணைத் திறக்கவே இல்லை, ஆனாலும் தாங்கினார். ஆசாரி வலது பக்கம் வந்தார். வாக்கி டாக்கி அலறியது.

"சார், அவசரம் சார். சட்டம் ஒழுங்கு சார்."

அண்ணன் எழுந்தார். பிள்ளையை அக்கா கையில் கொடுத்தார். "கடமை கூப்புடுது" என்றார். தூசி பறந்தது. ஜீப் பறந்தது. ஆகா, அந்த நேரத்தில் எங்கள் நெஞ்சு எப்படி விம்மியது தெரியுமா? நாட்டுக்கு முன்னால் வீடு எம்மாத்திரம் என்று என் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் நாட்டைக் காக்கப் போனவர் மத்தியானம் வரைக்கும் வரவில்லை. பிள்ளை ஒரு காதில் தங்கமும் மறுகாதில் ஒன்றுமில்லாமலும் உட்கார்ந்திருந்தது. சாப்பாடு ஆறிப்போயிற்று. மறுகாதும் அதே மடியில்தான் குத்த வேண்டும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஜோதிலட்சுமி அக்கா, ஒரு டிவிஎஸ் வண்டியில் ஏறித் தேடிப் புறப்பட்டார். வெகுதூரம் போகவில்லை. குச்சனூர் விலக்கு டீக்கடை. பெஞ்சில் எஸ்.பி. பக்கத்தில் கன்மேன். கையில் பருத்திப்பால்.

"சட்டம் ஒழுங்கு எங்கலே?" என்று அக்கா கேட்டார்.

கன்மேன் எழுந்து விறைப்பாகச் சல்யூட் அடித்து, உண்மையைச் சொல்லிவிட்டார். "அய்யாதான் ஒம்பது மணிக்குக் கூப்புடச் சொன்னாகம்மா. கண்ட்ரோல் ரூம்காரன் லேட்டாக் கூப்புட்டுட்டான்."

ஒரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளரைக் கையைப் பிடித்து டிவிஎஸ் வண்டியின் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு வந்த பெருமை, இந்திய நாட்டில் எங்கள் அக்கா ஒருவருக்குத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கைதட்டுங்கள். அக்காவுக்கு.

இப்படிக் காதுக்குக் காது வளர்ந்தவர் எங்கள் அண்ணன். டி.ஐ.ஜி. ஆனார். ஐ.ஜி. ஆனார். ஒருநாள் பெருநகரத்தில் ஆயுதங்களோடு நின்ற ஒரு கும்பலுக்கு எதிரே, கையில் லத்திகூட இல்லாமல் போய் நின்று, பேசியே கலைய வைத்தார். பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்துகொண்டு, "உங்களுக்குப் பயமே இல்லையா?" என்று கேட்டார்கள். "இதைவிடப் பெரிய பயத்தைப் பார்த்தவன் நான்" என்றார். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அதுதான் தலைப்பு. எந்தக் கொள்ளைக்காரனைச் சொல்கிறார், எந்தத் தீவிரவாதியைச் சொல்கிறார் என்று தொலைக்காட்சியில் நான்கு பேர் உட்கார்ந்து விவாதித்தார்கள். நாங்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். எங்களுக்குத் தெரியும். அவர் சொன்னது ஆசாரியை.

இப்போது நான்காவது காது. பணி வரலாறுதான் ஐயா, மணியை அடிக்காதீர்கள். நான் பேசிக்கொண்டிருப்பது ஆணையர் பதவிக் காலத்தைப் பற்றி.

நான்காவது காது என் மகள் சுபாஸ்ரீயுடையது. அந்தப் பூசணிக்காய் ஓவியர். அவளுக்கு முதல் வயதிலேயே காது குத்த நாள் பார்த்தோம். சட்டசபைக் கூட்டத்தொடர் என்றார் அண்ணன். சரி, கடமை. நம் பக்கத்தில் ஒற்றைப்படை வயதில்தான் குத்துவார்கள், ஆகவே மூன்றாம் வயது பிறக்கும்வரை பொறுத்தோம். பிறந்தது. கார்த்திகையில் நாள் பார்த்தோம். வெளிநாட்டுத் தலைவர் வருகை. தையில் பார்த்தோம். கிரிக்கெட் போட்டி. மாசியில் பார்த்தோம். ஊர்வலம். பங்குனியில் பார்த்தோம். பதில் ஊர்வலம். நான் ஒவ்வொரு தடவையும் தொலைபேசியில், "பரவாயில்லண்ணே, நீங்க வேலையப் பாருங்க" என்றுதான் சொன்னேன். வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் நின்றுகொள்வேன்.

விருந்துக்காக ஒரு கிடாய்க்குட்டி வாங்கியிருந்தோம். முதல் தடவை தள்ளிப் போனபோது அது வளர்ந்தது. இரண்டாம் தடவை தள்ளிப் போனபோது என் மகள் அதற்குப் பெயர் வைத்தாள். மூன்றாம் தடவை அது வீட்டுக்குள் வந்து, அவள் தொட்டிலுக்குப் பக்கத்தில் படுக்க ஆரம்பித்தது. இப்போது அதை அறுப்பதாக யாராவது சொன்னால், முதலில் என் மாமியாரைத் தாண்டித்தான் போக வேண்டும். விருந்துக்கு வேறு கிடாய் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதற்கும் அவள் பெயர் வைத்துவிடுவதற்குள் காரியம் நடக்க வேண்டும்.

என் மாமியார் ஜக்கம்மா அத்தை இதோ முன்வரிசையில்தான் இருக்கிறார். தங்கமான மனுசி. ஆனால் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னார். "ஊருக்கெல்லாம் பந்தோபஸ்து குடுக்குறாக உங்க அண்ணன். ஒத்தப் பிள்ளைக்கு மடி குடுக்க நேரமில்லையாக்கும்." அத்தை, நீங்கள் ரசத்தோடு சேர்த்துத்தான் அதைச் சொன்னீர்கள். எனக்கு ரசம் இறங்கவில்லை.

அதற்குள் எங்கள் பெரியப்பா மகன் சுருளிராஜன் அண்ணன் வீடு தேடி வந்துவிட்டார். கம்பமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஓட்டுகிறாரே, அவர்தான். "தங்கச்சி, எதுக்கு வருத்தப்படுற? நானும் தாய்மாமன்தான. பட்டு வேட்டி எடுத்து வச்சுட்டேன். கமிஷனர் மடின்னா என்ன, டிரைவர் மடின்னா என்ன, உக்காந்தா எல்லாம் ஒண்ணுதான்" என்றார்.

யாரங்கே டிராக்டரில் இருந்து விசில் அடிப்பது? சுருளி அண்ணனின் ஆட்களா? உட்காருங்கள். சுருளி அண்ணனின் அன்புக்கு நான் என்றென்றும் கடன்பட்டவள். ஆனால் கூடப் பிறந்த அண்ணன் குத்துக்கல்லாக இருக்கும்போது, இன்னொருவர் மடியில் என் பிள்ளையை வைத்தால் இந்த ஊர் என்ன சொல்லும்? ஊர் கிடக்கட்டும். நான் எனக்கு என்ன சொல்லிக்கொள்வேன்? மூத்த அக்காவின் பிள்ளைகளுக்கு மயக்கம் போட்டாவது மடி கொடுத்தார். நடு அக்காவின் பிள்ளைக்கு டீக்கடையில் இருந்தாவது பிடித்து வரப்பட்டார். கடைக்குட்டித் தங்கையின் பிள்ளைக்கு மட்டும் அண்ணனின் மடி இல்லை என்றால், நான் எங்கே போய்ச் சொல்வது?

தாய்மார்களே, முந்தானையை எடுக்காதீர்கள். அழ வைக்க மாட்டேன், பயப்படாதீர்கள்.

அண்ணனுக்கு உண்மையிலேயே வேலைதான் காரணம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். போன வாரம் ஒரு தொலைபேசி வந்தது. பெருநகரக் காவல் ஆணையரின் குரல், யாரோ பக்கத்தில் இருப்பதுபோல, கிசுகிசு என்று.

"யுவா, இப்பல்லாம் பார்லர்ல ஊசி இல்லாம, கன் வச்சுக் குத்துறாகளாமே."

"ஆமாண்ணே."

"அது வலிக்காதாமே."

"யாரு சொன்னா?"

"விசாரிச்சேன்."

அன்பு நிறைந்த அவையோரே, எண்ணிப் பாருங்கள். தம் பணிக்காலம் முழுக்க ஊர் ஊராகக் கள்ளத் துப்பாக்கியைப் பறிமுதல் செய்தவர், என் பிள்ளைக்குத் துப்பாக்கி வைத்துக் காது குத்தச் சொல்கிறார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கூட்டத்தொடரும் இல்லை, கிரிக்கெட்டும் இல்லை. பந்தலுக்குக் கீழே சாக்கு விரித்துப் படித்த அதே பையன்தான் இன்னும் அந்தச் சீருடைக்குள் இருக்கிறான்.

இன்றைக்குப் பாராட்டு விழாவுக்கு மட்டும் எப்படி வந்தார் என்று கேட்கிறீர்களா? மதுரையில் ஏதோ அரசாங்க வேலையாம். இரவே திரும்புகிறார். தவிர, பாராட்டு விழாவில் பொன்னாடைதான் போடுவார்கள். ஊசி போட மாட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் வந்திருக்கிறார்.

ஆனால் அண்ணா, மூன்றாவது வரிசையைக் கொஞ்சம் பாருங்கள். மடியில் சிறிய பெட்டியோடு, நெற்றியில் சந்தனத்தோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரா? அவரேதான். உட்காருங்கள், உட்காருங்கள், எழுந்திருக்காதீர்கள். அவர் சொற்பொழிவு கேட்கத்தான் வந்திருக்கிறார். பெட்டி எப்போதும் அவர் கையில் இருப்பது வழக்கம். அக்கா, அண்ணனின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் சொன்னேனே, ஒரு வார்த்தையை நினைவில் வைக்கச் சொன்னேனே. "அது என் நெத்தி." இத்தனை வருடம் அதைச் சொல்லிச் சிரித்தோம். நான் ஒரு பிள்ளையைப் பெற்ற பிறகு என்னால் முன்போல் சிரிக்க முடியவில்லை. என் மகளுக்குத் தடுப்பூசி போட்ட நாளில், செவிலியர் "பிள்ளையப் பிடிம்மா" என்றபோது, நான் என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் நின்றேன். கல்லூரியில் படித்த பெண். கிருமி, தொற்று, சீழ் என்று கைபேசியில் இருக்கிற எல்லாவற்றையும் படித்துப் படித்து, குத்தாத காதுக்கு இப்போதே மருந்து வாங்கி வைத்திருக்கிறேன். என் நெற்றியில் நூறு தையல் போடுங்கள், தாங்குவேன். அந்தச் சின்னக் காதின் நுனியில் ஒரு ஊசி முனை, அதை என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே இந்த மேடையில் நின்று சொல்கிறேன். இது குறையா? இது கோழைத்தனமா? லத்தியைக் கையில் கொடுத்துவிட்டால் சில பேருக்கு அடுத்தவன் உடம்பு மரக்கட்டையாகத் தெரியும். அதிகாரத்தைக் கையில் கொடுத்துவிட்டால் சில பேருக்கு அடுத்தவன் கண்ணீர் தண்ணீராகத் தெரியும். எங்கள் அண்ணனிடம் லத்தியைக் கொடுத்தார்கள். துப்பாக்கியைக் கொடுத்தார்கள். படையைக் கொடுத்தார்கள். ஒரு பெருநகரத்தையே கொடுத்தார்கள். இத்தனையும் கொடுத்த பிறகும், ஒரு பிள்ளையின் காதைப் பார்த்தால் அவருடைய கை தானாகப் போய்ப் பொத்துகிறதே. அந்தக் கைக்குத்தான் ஒரு கோடிப் பேரின் காவலைக் கொடுக்க வேண்டும். அந்தக் கைக்குத்தான் பதக்கம் தர வேண்டும். அந்தக் கைக்குத்தான் இந்தப் பள்ளத்தாக்கே எழுந்து நின்று கை தட்ட வேண்டும்.

தட்டுகிறீர்கள். நன்றி. நன்றி. அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். தூசி, அண்ணா, வைகாசிக் காற்று.

உட்காருங்கள், இன்னும் முடியவில்லை. பாராட்டு வேறு, மடி வேறு. பாராட்டு கொடுத்தாயிற்று. மடி இன்னும் வரவில்லை.

இப்போது வைகாசி முடியப் போகிறது. அடுத்து ஆனி. அதற்கடுத்து ஆடி, ஆடியில் நாம் நல்ல காரியம் செய்வதில்லை. அதற்கடுத்து ஆவணி, ஆவணியில் சுபாஸ்ரீக்கு நாலாம் வயது பிறக்கிறது. இரட்டைப்படை. அப்புறம் ஐந்தாம் வயது வரைக்கும் காத்திருக்க வேண்டும். அதுவரைக்கும் கிடாய் காத்திருக்கும், அதற்குக் கவலை இல்லை. என் மாமியாரின் ரசம் காத்திருக்காது. சுருளி அண்ணனின் பட்டு வேட்டி காத்திருக்காது. ஆகவே இருப்பது ஆனி ஒன்றுதான்.

அண்ணா, உங்களிடம் ஓர் ஒப்பந்தம். நீங்கள் மடியை மட்டும் கொடுங்கள். கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளுங்கள், நான் பின்னால் நின்று என் இரண்டு கையாலும் இன்னும் கொஞ்சம் மூடிவிடுகிறேன். என் கண்ணை அக்கா மூடட்டும். அக்காவுக்குக் கண் மூட வேண்டிய அவசியம் இருக்காது. மூடாத கண் ஒன்றாவது இருந்தால்தான் ஆசாரிக்கும் தைரியமாக இருக்கும்.

இருங்கள், இருங்கள். யார் அது மேடைப் படியில்? சுபா, இங்கன வராத. அப்பாகிட்டப் போ. என்னங்க, பிள்ளையைப் பிடிக்கச் சொன்னேன் அல்லவா?

சரி. விடுங்கள்.

அவையோரே, பின்வரிசையில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது, ஆகவே சொல்லிவிடுகிறேன். என் மகள் படியேறி வந்தாள். தலைவர் ஐயாவைப் பார்த்தாள், பிடிக்கவில்லை. கன்மேனைப் பார்த்தாள், துப்பாக்கியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பொன்னாடையைப் பிடித்துக்கொண்டு ஆணையரின் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கையில் கிரேயான் இருக்கிறது. அண்ணா, உங்கள் வெள்ளைச் சட்டையைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அவர் சட்டையைக் கவனிக்கவில்லை. மூன்றாவது வரிசையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டு கையாலும் பிள்ளையின் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருக்கிறார்.

ஆணையரின் கைபேசி அடிக்கிறது. எல்லாருக்கும் கேட்கிறதா? கண்ட்ரோல் ரூமாகத்தான் இருக்கும். இந்தத் தடவை சரியான நேரத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அக்கா என்னவோ சொல்கிறார். மைக்கில் சொல்லுங்கள் அக்கா.

"எடுக்காதலே. கைய எடுத்தீன்னா ஆசாரி வந்துருவாரு."

எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்துவிட்டது.

இந்த நல்ல நேரத்தில் என் உரையை நிறைவு செய்கிறேன். பேச வாய்ப்பளித்த தலைவர் ஐயாவுக்கும், அடித்தும் அடிக்காமலும் பொறுமை காத்த அவரது மணிக்கும், ஒலிபெருக்கிக்காரருக்கும், வேலை முடிந்த களைப்போடும் நின்று கேட்ட தாய்மார்களுக்கும், செலின் டீச்சருக்கும், பெட்டியைத் திறக்காமல் இருந்த ஆசாரி ஐயாவுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் காதுகளெல்லாம் நல்ல சொல் கேட்டு வளரட்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன். வணக்கம்.

அண்ணா, கையை எடுக்க வேண்டாம். வாயால் சொன்னால் போதும். ஆனியில் எந்த நாள்? சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.